கூடைப்பந்தைத் தந்த வாத்தியார்

நம் குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடைப்பந்துக் கம்பம் நட்டு இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு மாதத்தில் லிஃப்ட், மோட்டார், குப்பை வண்டி எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கம்பம்தான் முதலிடத்தில் இருக்கிறது. பந்து தட்டும் சத்தத்தில் மதியத் தூக்கம் போகிறது என்று ஒரு தரப்பு. வளையம் ரொம்ப உயரம், பிள்ளைகளுக்கு எட்டவில்லை, இறக்கிக் கட்டுங்கள் என்று ஒரு தரப்பு. வெளிப் பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள், கேட்டிலேயே நிறுத்த வேண்டும் என்று இன்னொரு தரப்பு. வரும் பொதுக்குழுவில் மூன்றும் பேசப்பட இருக்கின்றன.

பாகூர், வில்லியனூர் கொம்யூன் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால், இதைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று செய்திமடல் குழுவினர் கேட்டார்கள். என் கருத்தைப் பொதுக்குழுவில் சொல்லிக்கொள்கிறேன். இங்கே இந்த ஆட்டத்தை உண்டாக்கியவரின் கதையை மட்டும் எழுதுகிறேன். கபடியை யார் கண்டுபிடித்தார்கள், கிட்டிப்புள்ளை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. கூடைப்பந்துக்கு மட்டும் ஆளும் இருக்கிறார், ஊரும் இருக்கிறது, மாதமும் வருடமும்கூட இருக்கின்றன. அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

1861 நவம்பர் 6 அன்று கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் ஆல்மான்ட் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். ஸ்காட்லாந்து வழி வந்த குடும்பம். மரம் அறுப்பதும் விவசாயமும் தொழில். அவர் சிறுவனாக இருந்தபோதே, 1870இல், டைபாய்டு காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் சில வார இடைவெளியில் போய்விட்டார்கள். பிள்ளைகளைத் தாய்மாமன் பீட்டர் யங் எடுத்து வளர்த்தார். கண்டிப்பான மனிதர். ஒரு குளிர்காலத்தில் உறைந்த ஆற்றைக் குதிரைகளோடு கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து குதிரைகள் தண்ணீரில் இறங்கிவிட்டனவாம். பையன் ஒற்றை ஆளாகப் போராடி அவற்றைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், மாமா மரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். உதவிக்கு வரவில்லை. இந்தக் காலத்து அப்பா அம்மாக்கள் இதைப் படித்தால் அவர்மேல் வழக்குப் போட்டுவிடுவார்கள். நெய்ஸ்மித் கடைசி வரை மாமாவை மரியாதையோடுதான் நினைத்தார்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் பாறைமேல் வாத்து என்று ஒரு விளையாட்டு ஆடுவார்கள். நம் ஏழாங்கல்லுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாறைமேல் சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டு, கோட்டுக்கு அப்பாலிருந்து ஆளுக்கொரு கல்லை எறிந்து அதைக் கீழே தள்ள வேண்டும். வேகமாக நேரே எறிந்தால் குறி தப்பும்போது கல் வெகுதூரம் போய் விழும். அதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவதற்குள் காவல் நிற்பவன் தொட்டுவிடுவான். மெதுவாக, வில் வளைவாக மேலே தூக்கிப் போட்டால் கல் பக்கத்திலேயே விழும், தப்பிக்கலாம். இருபது வருடம் கழித்து இந்த ஒரு விஷயம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

படிப்பில் பெரிய சூரர் இல்லை. 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களுக்கு வேலைக்குப் போனார். சுமார் ஐந்து வருடம் அங்கேதான். ஒரு நாள் சாராயக் கடையில் கோப்பையோடு நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒருவர் நீ மார்கரெட் மகன் தானே என்று கேட்டுவிட்டு, உன் அம்மா இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்றாராம். கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தவர் பிறகு குடிக்கவில்லை என்று குடும்பத்தில் சொல்வார்கள். இருபது வயதில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி பள்ளி பெஞ்சில் உட்கார்ந்தார். மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1888இல் பட்டம் வாங்கினார். அடுத்து இறையியல் படித்தார். பாதிரியார் ஆவதுதான் எண்ணம்.

ஆனால் அவருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பிடித்திருந்தது, கால்பந்தின் முரட்டு வகையான ரக்பியும் பிடித்திருந்தது. இறையியல் நண்பர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். உடற்பயிற்சிக் கூடம் சாத்தானின் இடம் என்று நம்பிய காலம் அது. இவர் கெட்டுப்போகக் கூடாது என்று சிலர் கூடிப் பிரார்த்தனையே செய்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை இவர் பிரசங்க மேடை ஏறியபோது இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்து வீங்கியிருந்த கதையும் உண்டு. முந்தைய நாள் ஆட்டத்தில் வாங்கியது.

அவர் வாழ்க்கை திரும்பியதும் மைதானத்தில்தான். ஆட்டத்தின் நடுவே அவர் அணிக்காரர் ஒருவர் கோபத்தில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். சொன்னவுடனே பக்கத்தில் நெய்ஸ்மித் நிற்பதைப் பார்த்து, நீ இருப்பதை மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். இவர் அதுவரை யாருடைய பேச்சையும் கண்டித்தவர் இல்லை. கூடவே ஆடியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. மேடையில் நின்று சொல்ல நினைத்ததை மைதானத்தில் நின்றே செய்யலாம் போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். குருத்துவ வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு 1890இல் போனார். அவருடைய அக்கா ஆனி இதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை.

இனி எல்லோரும் ஓரளவு கேள்விப்பட்ட கதைக்கு வருகிறேன். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது அதிர்ஷ்டத்தில் நடந்த காரியம் இல்லை.

1891 குளிர்காலம். ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு. எல்லாம் வளர்ந்த ஆண்கள், ஒய்.எம்.சி.ஏ. நிர்வாகிகளாகப் போக வேண்டியவர்கள். வெளியே பனி, மைதானத்தில் இறங்க முடியாது. உள்ளே கையைத் தூக்கு, காலை மடக்கு என்ற டிரில்லைச் செய்யச் சொன்னால் அவர்களுக்கு வெறுப்பு. இரண்டு ஆசிரியர்கள் முயன்று கைவிட்டுவிட்டார்கள். தலைமைப் பொறுப்பில் இருந்த லூதர் குலிக் அந்த வகுப்பை நெய்ஸ்மித் தலையில் கட்டி, கூடத்துக்குள் ஆடக்கூடிய புது ஆட்டம் ஒன்றைக் கொண்டுவர 14 நாள் கொடுத்தார். அடங்காத வகுப்பு என்றால் என்ன என்று எந்த பி.டி. மாஸ்டரையும் கேளுங்கள், மழைக்காலப் பிற்பகல்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

முதலில் தெரிந்த ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். ரக்பியை ஆடவிட்டால் மரத்தரையில் எலும்பு முறியும்போல் இருந்தது. கால்பந்தில் ஜன்னல்களுக்கு ஆபத்து. லக்ராஸ் என்ற கம்பு ஆட்டத்தில் முகங்களுக்கு ஆபத்து. 12 நாள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தார். சண்டை எங்கே வருகிறது? பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுபவனைக் கீழே தள்ள வேண்டியிருப்பதால் வருகிறது. அப்படியானால் பந்தோடு ஓடவே கூடாது. பிடித்த இடத்திலிருந்து இன்னொருவருக்குப் போட வேண்டும். கம்பு, மட்டை இருந்தால் அடி விழும், எனவே பெரிய, மெத்தென்ற பந்து, கை மட்டும் போதும். கோல் தரையில் நிமிர்ந்து நின்றால் பலம் கொண்ட மட்டும் அடிப்பார்கள். அதையே படுக்கைவாட்டில், தலைக்கு மேலே வைத்துவிட்டால்? அங்கே பாறைமேல் வாத்து ஞாபகம் வந்தது. வளைவாக, மென்மையாகத் தூக்கிப் போட்டால்தான் விழும். முரட்டுத்தனத்துக்கு அங்கே பலன் இல்லை.

காலையில் பள்ளிக் காவலாளி ஸ்டெபின்ஸிடம் போய் இரண்டு மரப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வந்த கூடை இரண்டு இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தார். பெட்டி கிடைத்திருந்தால் இந்த ஆட்டத்துக்கு என்ன பெயர் வந்திருக்குமோ. கூடத்தைச் சுற்றி ஓடுவதற்காகக் கட்டிய மாடித் தாழ்வாரத்தின் கீழ்க் கட்டையில் இரண்டு பக்கமும் கூடைகளை அடித்தார். அந்தக் கட்டை தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இன்றைக்கு உலகம் முழுவதும் வளையம் 10 அடி உயரத்தில், மீட்டர் கணக்கில் 3.05இல், இருக்கிறது என்றால் அந்தக் கட்டை அங்கே இருந்ததால்தான். நம் கம்பமும் அதே அளவுதான். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மினி கூடைப்பந்து என்று 2.60 மீட்டரில் ஆடும் முறையும் முறைப்படி இருக்கிறது. ஆகவே இறக்கிக் கட்டச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

13 விதிகளை எழுதி, தட்டச்சு செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பந்தை எந்தத் திசையிலும் எறியலாம், முஷ்டியால் குத்தக் கூடாது. தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறிவிடுவது, அடிப்பது எதுவும் கூடாது. முதல் முறை செய்தால் தவறு என்று கணக்கு. இரண்டாவது முறை செய்தால் அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தது தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே, அவருக்குப் பதில் ஆளும் கிடையாது. கால் மணி நேரம் வீதம் இரண்டு பகுதி, நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு. மதியம் தூங்குபவர்கள் கவனத்துக்கு ஒரு செய்தி: அந்த 13 விதிகளில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது என்பதே இல்லை. பந்தோடு ஓட முடியாத ஆட்டக்காரர்கள் பின்னாளில் தாங்களாகவே கண்டுபிடித்த தந்திரம் அது. நெய்ஸ்மித் போட்ட ஆட்டமாகவே இருந்திருந்தால் உங்கள் தூக்கம் இந்த அளவுக்குக் கெட்டிருக்காது.

வகுப்பை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். பழக்க தோஷத்தில் தள்ளுமுள்ளு நடந்தது, பாதிப்பேர் தவறு செய்து ஓரத்தில் நின்றார்கள். ஆட்டம் முடிந்தபோது 1-0. வில்லியம் சேஸ் என்பவர் சுமார் 25 அடி தூரத்திலிருந்து போட்ட ஒரே கூடை. கூடைக்கு அடி இருந்ததால் பந்து உள்ளேயே தங்கிவிடும், ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். அடி திறந்த வலை வருவதற்குப் பல வருடம் ஆனது. பின்பலகை வந்த கதை இன்னும் வேடிக்கை. மாடித் தாழ்வாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள், அவர்களைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் மறைப்பு வைத்தார்கள். பால்கனியிலிருந்து ஆட்டத்தில் தலையிடுவது நம் குடியிருப்பில் தொடங்கிய வழக்கம் இல்லை என்று தெரிகிறதல்லவா?

ஃபிராங்க் மஹன் என்ற மாணவர், இதற்கு நெய்ஸ்மித் பந்து என்றே பெயர் வைக்கலாம் என்றார். இவர் சிரித்துவிட்டார், அந்தப் பெயர் எந்த ஆட்டத்தையும் கொன்றுவிடும் என்று மறுத்தார். அப்புறம் கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து என்று மஹனே சொல்ல, அது நிலைத்தது. காப்புரிமை, உரிமப் பணம் என்று எதையும் அவர் தேடவில்லை. 1892 ஜனவரியில் பள்ளியின் பத்திரிகையில் விதிகளை அச்சிட்டு, வேண்டுபவர்கள் எடுத்து ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மதிய வேளையில் எட்டிப்பார்த்த பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் நாங்களும் ஆடலாமா என்று கேட்டபோது, தாராளமாக ஆடலாம் என்றார். 1892இலேயே பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். அப்படி ஆடியவர்களில் ஒருவரான மாட் ஷெர்மனை 1894இல் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள்.

அந்த முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைவராக நின்ற டங்கன் பாட்டன் 1890களின் நடுவில் இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்துக்கு அதை வேரூன்ற வைத்தவர் இன்னொரு ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர், ஹாரி குரோ பக். 1919இல் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் கல்லூரி. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியையும் அவர்தான் அழைத்துப் போனார். 1943இல் சென்னையிலேயே காலமானார். நான் படித்தது அந்தக் கல்லூரியில். நெய்ஸ்மித்திடமிருந்து பக் படித்த பள்ளி வழியாக, பக்கின் மாணவர்களின் மாணவர்கள் வழியாக, பாகூர் ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் நான் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டதுவரை ஒரே சங்கிலிதான். இதை நான் ரொம்ப நாள் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் பெருமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நெய்ஸ்மித் கதைக்குத் திரும்புகிறேன். ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு 1895இல் டென்வர் நகருக்குப் போய், பகலில் ஒய்.எம்.சி.ஏ. வேலையும் மற்ற நேரத்தில் மருத்துவப் படிப்புமாக 1898இல் டாக்டர் ஆனார். ஆனாலும் மருத்துவமனை வைக்கவில்லை. அதே வருடம் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகவும் பிரார்த்தனைக் கூடப் பொறுப்பாளராகவும் சேர்ந்தார். மாணவர்கள் கூடைப்பந்து ஆட விரும்பினார்கள், அணியை நடத்தும் வேலையும் இவர் தலையில் வந்தது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. கன்சாஸ் அணி அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய பெயர் பெற்ற அணி. அதற்கு வந்த பயிற்சியாளர்கள் எல்லோரும் தோற்றதைவிட அதிகம் ஜெயித்தவர்கள், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் நெய்ஸ்மித். 1907 வரையிலான ஆட்டங்களில் ஜெயித்தது 55, தோற்றது 60. ஆட்டத்தை உண்டாக்கியவர், அதில் தோல்விக் கணக்கு வைத்திருக்கிறார்!

அவர் சோம்பேறி என்றோ திறமை இல்லாதவர் என்றோ நினைத்துவிடாதீர்கள். பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கத்தி, ஆட்டக்காரர்களைப் பொம்மைபோல ஆட்டுவிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் ஆடுபவர்களுடையது, யோசிப்பதும் அவர்கள் வேலை என்று நினைத்தார். மாணவர்களின் உடல் அளவுகளை எடுத்துக் குறித்து வைப்பது, மூச்சும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது, நோஞ்சான் பையன் ஒரு வருடத்தில் எவ்வளவு தேறியிருக்கிறான் என்று கணக்குப் போடுவது, இதில்தான் அவர் மனம் கிடந்தது. கூடைப்பந்தைவிட மல்யுத்தமும் வாள்வீச்சும் அவருக்குச் சுவாரசியம். தாம் உண்டாக்கிய ஆட்டத்தை வாழ்நாளில் இரண்டே முறைதான் ஆடியிருக்கிறார். அதிலும் ரக்பி, மல்யுத்தப் பழக்கத்தில் எதிராளியைப் பிடித்துத் தவறு மேல் தவறு செய்தாராம். தாமே எழுதிய விதிகள்!

அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் என்ற மாணவருக்கு இன்னொரு கல்லூரியிலிருந்து பயிற்சியாளர் வேலைக்கு அழைப்பு வந்தபோது நெய்ஸ்மித்துக்குச் சிரிப்பு வந்தது. கூடைப்பந்துக்கு எதற்குப் பயிற்சியாளர், அது பயிற்சி கொடுக்கிற ஆட்டமே இல்லை, சும்மா ஆட வேண்டியதுதானே என்றார். ஆலன் கேட்கவில்லை. பிறகு கன்சாஸ் அணியை வாத்தியாரிடமிருந்தே ஏற்று, பயிற்சியாளராக 700 ஆட்டங்களுக்கு மேல் ஜெயித்தார். அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் என்று அவரிடம் ஆடியவர்களும் பெரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். கூடைப்பந்துப் பயிற்சி என்ற தொழிலுக்கே அப்பா என்று ஆலனைச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் வாத்தியார் சொன்னது தவறு, மாணவர் செய்தது சரி. பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் இத்தனை வருடம் வாங்கிய சம்பளத்துக்கு என்ன அர்த்தம்? ஆனால் மண்டலப் போட்டிகளில் ஓரத்தில் நின்று பையன்களைக் கண்டபடி திட்டும் மாஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் (சில வருடம் நானும் அவர்களில் ஒருவன்) அந்த 55-60 ஞாபகம் வரும். ஆலனும் நெய்ஸ்மித்தும் கடைசி வரை ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில், மரியாதையோடு இருந்தார்கள். தோற்ற கணக்கைப் பற்றி நெய்ஸ்மித் வருத்தப்பட்டதாக எங்கும் நான் படித்ததில்லை.

1916இல் கன்சாஸ் படைப்பிரிவின் குருவாக மெக்சிகோ எல்லைக்குப் போனார். 1917 முதல் 1919 வரை முதல் உலகப் போரில் பிரான்சில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சிப்பாய்களோடு இருந்தார். 1925இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். பணம் சேரவில்லை.

1933இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கூடைப்பந்து ஆட ஆசை. பல்கலைக்கழக அணியில் கறுப்பின மாணவர்களுக்கு இடம் கிடையாது. அப்பா சொல்லி அனுப்பியபடி நேரே நெய்ஸ்மித் அறைக்குப் போய், நீங்கள்தான் எனக்கு வழிகாட்டி என்றார். யார் சொன்னது என்று இவர் கேட்டார். அப்பா சொன்னார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், வா, உட்கார் என்றார் இவர். அப்போது நெய்ஸ்மித்துக்கு வயது 70 கடந்துவிட்டது.

உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் தேர்வு உண்டு. கறுப்பின மாணவர்களைக் குளத்தில் இறக்காமலே தேர்ச்சி போட்டு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். மெக்லெண்டன் எனக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்று குளத்தில் இறங்கினார். அவர் நீந்தி ஏறிய பிறகு தண்ணீரை வடித்துவிட்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார், பிறகு குளம் எல்லோருக்கும் திறந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு ஊர்ப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததும் நெய்ஸ்மித்தான். 1936இல் மெக்லெண்டன் பட்டம் வாங்கினார். அணியின் கதவு மட்டும் திறக்கவில்லை. கன்சாஸ் அணியில் கறுப்பின மாணவர் ஒருவர் ஆடியது 1950களில்தான். அந்தக் கதவையும் அவர் தட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. மைதானத்தில் ஒரு நாளும் அந்த அணிக்காக ஆட முடியாத மெக்லெண்டன், வாத்தியாரிடம் கேட்டுக் கேட்டு ஆட்டத்தைப் படித்தார். பின்னாளில் டென்னசி மாநிலக் கல்லூரி அணியை 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருடம் தேசியப் பட்டம் ஜெயிக்க வைத்தார். சும்மா ஆட வேண்டியதுதான் என்று சொன்ன வாத்தியார், பயிற்சியாளர் ஒருவரைக் கைப்பிடித்து உருவாக்கிவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் மண் தரை ஞாபகம் வருகிறது. காலனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் தினமும் வெளிக் கோட்டில் வந்து நிற்பார்கள். வெளியே போகும் பந்தை ஓடி எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே வரமாட்டார்கள். நானும் கூப்பிடவில்லை. பந்து எடுத்துத் தருகிறார்களே, நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முழுக் காலாண்டு அப்படியே போனது. ஒரு நாள் ஆள் குறைந்ததால் ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு கையாலும் பந்தை வாங்கி, முதலில் என்னைத்தான் பார்த்தான், அப்புறம்தான் வளையத்தைப் பார்த்தான். அந்தப் பையன் மூன்று வருடம் எங்கள் அணிக்கு ஆடினான். அந்தக் காலாண்டுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது 1936 பெர்லினில். அதற்காக அதிகம் பாடுபட்டவர் ஆலன். 74 வயது நெய்ஸ்மித்துக்குப் போய்ப் பார்க்க ஆசை, கையில் காசு இல்லை. அமெரிக்கா முழுக்கப் பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்டங்களில் பார்வையாளர்களிடம் தலைக்கு ஒரு காசு வீதம் வசூல் செய்து அனுப்பி வைத்தார்கள். உடல்நிலை சரியில்லாததால் மனைவி போகவில்லை. பெர்லினில் போய் இறங்கினால் அவருக்கு அனுமதிச் சீட்டுக்கூட யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆட்டத்தை உண்டாக்கியவர் வாசலில் நிற்கிறார். விஷயம் தெரிந்து ஏற்பாடு செய்து உள்ளே அழைத்துப் போனார்கள். கொடிகளோடு ஒவ்வொரு நாட்டு அணியும் அவர் முன்னால் அணிவகுத்துப் போனபோது கண் கலங்கிவிட்டார் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 14 அன்று இறுதி ஆட்டம், திறந்த வெளியில், டென்னிஸ் ஆடும் மண் தரையில், கொட்டும் மழையில். சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் வாழ்ந்த நாடும் மோதியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கும் அந்த மழையோடு ஒரு சம்பந்தம் உண்டு. அதே மழையால் அன்றைக்கு நடக்க வேண்டிய ஹாக்கி இறுதி ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மறுநாள், ஆகஸ்ட் 15 அன்று, தியான் சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தது.

மறு வருடம் மாட் காலமானார். நெய்ஸ்மித் 1939 நவம்பர் 28 அன்று, 78ஆவது வயதில், கன்சாஸின் லாரன்ஸ் நகரில் காலமானார். ஆட்டம் பிறந்த கதையை அவர் எழுதி வைத்திருந்த புத்தகம் 1941இல்தான் வெளிவந்தது. பலகையில் ஒட்டிய அந்த விதித் தாள்களை முதல் நாட்களிலேயே மஹன் நினைவுப் பொருளாகக் கிழித்துக்கொண்டு போய், கொஞ்ச நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். தட்டச்சு செய்த அந்த இரண்டு தாள்கள் 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயின. வாங்கியவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். இப்போது அவை அங்கேதான், எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன.

பொதுக்குழு ஞாயிறு மாலை 5 மணிக்கு, கீழ்த்தள ஹாலில். கேட்டில் இரவுக் காவல் பார்ப்பவரின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த சில வாரமாக மதில் ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று வெளியே உருண்ட பந்தை எடுத்துக் கொடுத்தாள். எறிந்த விதம் நன்றாக இருந்தது, நல்ல வளைவு. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கீழே இருப்பேன், அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். பந்தில் காற்று குறைந்திருக்கிறது. பம்ப் என் வீட்டில் இருக்கிறது, யாராவது ஒரு பையன் மூன்றாம் மாடிக்கு வந்து எடுத்துப் போகலாம்.